மனோதத்துவமும் ஒரு செம்புத் தண்ணீரும்

முப்பத்து நாலு வயதில், தலையில் ஒன்றிரண்டு நரை எட்டிப் பார்த்த பிறகு, நான் மறுபடி கல்லூரிக்குப் படிக்கப் போனேன். அதுவும் சென்னைக்கு; அதுவும் மனோதத்துவம். பாம்பனில் எங்கள் தெருக்காரர்களுக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவில்லை. 'டீச்சர் பைத்தியத்துக்குப் படிக்கப் போகுதாம்' என்று சுருக்கிக்கொண்டார்கள். மீன் ஏலம் போடும் கரையில் என்னைக் கண்டால் போதும், பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏத்தா, என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பாப்போம்" என்பார்கள். "என்னத்த இருக்கும்? நேத்துப் பிடிச்ச மீனை இன்னைக்குப் பிடிச்சதுன்னு சொல்லி எந்தலையில கட்டணும்னு இருக்கும்" என்பேன். வாய்க்கு நான் என்றைக்கும் பஞ்சம் வைத்ததில்லை.

எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது அண்ணனுக்குத்தான்.

அண்ணனும் அவருடைய கூட்டாளியும் சிறுவயதிலிருந்தே ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். ஒரு காற்றுக் காலத்தில் வள்ளம் கவிழ்ந்தது. அண்ணன் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார். கூட்டாளியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன் பேசவில்லை. சாப்பிடுவார், தூங்குவார், வீட்டுப் பின்னால் பூவரச மர நிழலில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் கிழிந்த வலைகளைச் சரிசெய்வார். கடலுக்கும் போகமாட்டார், வாசலைத் தாண்டித் தெருவுக்கும் வரமாட்டார். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று, வீட்டுக்கு வந்து பார்த்த இராமநாதபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா மாதா கோவிலில் முழங்காலில் நடந்தாள். அது போதாதென்று தர்காவுக்கும் போய்க் கயிறு மந்திரித்து வாங்கி வந்து கட்டினாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் கையை நீட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

நான் அப்போது இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இண்டர்மீடியட் முடித்த கையோடு கல்யாணம் ஆகி, சில வருடங்களிலேயே கணவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். பிள்ளைகள் இல்லை. ஒரு வாரப் பத்திரிகையில், மனத்தில் அடைத்துக்கொண்டதைப் பேச வைத்தே குணப்படுத்தலாம், அதற்கென்று கல்லூரியில் ஒரு படிப்பே இருக்கிறது என்று எழுதியிருந்ததைப் படித்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எனக்கு எதிலும் நிதானம் கிடையாது.

"அவனைப் பேச வச்சிருவியாத்தா?" என்று அம்மா கேட்டாள்.

"வச்சிருவேம்மா" என்றேன். என்ன துணிச்சல்!

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம்தான். எங்கள் கரையில் அதற்குக் கெடுபிடி அதிகம். கடலுக்குப் போகிறவர்களின் வீடுகள் அல்லவா? வாய் தவறி 'போறேன்' என்று வந்துவிட்டால் விடமாட்டார்கள். திரும்ப வீட்டுக்குள் கூப்பிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வைத்து, 'வாரேன்' என்று சொல்ல வைத்த பிறகுதான் அனுப்புவார்கள். முதல் தடவை சென்னைக்குக் கிளம்பியபோது வழியெல்லாம் 'வாரேன், வாரேன்' என்று சொல்லிக்கொண்டே போனேன். மரத்தடியில் இருந்த அண்ணனிடமும் சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

கல்லூரியில் முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று 'குட்மார்னிங்' சொன்னார்கள். நானும் பழக்கதோஷத்தில், "உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள். பிறகு நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன் பாருங்கள், அப்போது எழுந்த சிரிப்பு பேராசிரியர் வந்த பிறகும் அடங்கவில்லை. அன்று மானம் போனாலும் நல்லதாகப் போயிற்று. மறுநாளிலிருந்து எல்லாருக்கும் நான் 'அக்கா'. விடுதியில் என் அறைக்கு வந்து காதல் விவகாரம் முதல் கருவாடு வரை எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒரு மாலைப் பொழுதைக் கரைத்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அப்படி ஆசையாகப் படிப்பது அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

ஆனால் படிப்பு நான் நினைத்த மாதிரி இல்லை. அண்ணனைப் பேச வைக்கலாம் என்று வந்தவளிடம், கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே காகிதத்தில் கோடு போடச் சொன்னார்கள். ஒரே அளவான டப்பாக்களைக் கையில் கொடுத்து எது கனம், எது லேசு என்று கேட்டார்கள். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் பேராசிரியரிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இந்தப் பட்டம் வாங்கினா நீங்க வைத்தியர் ஆயிட மாட்டீங்கம்மா" என்றார். "அவர் கூட இருங்க. பேசு பேசுன்னு நெருக்காதீங்க" என்றும் சொன்னார். முதலில் சொன்னதைக் கேட்டு அழுகை வந்துவிட்டதால் இரண்டாவதை நான் காதில் வாங்கவில்லை.

விடுமுறைக்கு விடுமுறை அண்ணனை நெருக்கினேன். நான் ஒரு சொல் சொல்வேன், அவர் மனதில் உடனே தோன்றும் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வகுப்பில் கற்றது. மரத்தடியில் அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மரம்" என்பேன். அவர் முடிச்சுப் போடுவார். "சோறு" என்பேன். இன்னொரு முடிச்சு. "கடல்" என்றால் மட்டும் கை ஒரு கணம் நின்று, பிறகு ஓடும். அண்ணன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மதினி, ஒங்க படிப்பை விட எங்க வீட்டு ஆடு நல்லாப் பதில் சொல்லுமே" என்று கேலி செய்வாள். கேலியில் ஒளிந்திருந்த ஏமாற்றம் எனக்குத் தெரியாமல் இல்லை. அவளும் என் படிப்பைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

கடைசி வருடம். விடுமுறை முடிந்து கிளம்பும் நாள். அம்மா வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பரீட்சையோட முடிஞ்சிருமாத்தா? அப்புறம் பேசிருவானா?" என்றாள். என்னால் தாங்க முடியவில்லை. பின்பக்கம் போனேன். அண்ணன் வலையும் கையுமாக இருந்தார்.

"ஏண்ணே, நீ கல்லா? ஒனக்காகத்தான இந்த வயசுல சின்னப் பிள்ளைகளோட உக்காந்து படிக்கிறேன்? ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்திரும்? நீ இப்படியே இரு. இனிமே நான் இங்க எதுக்கு வரணும்? போறேன்!"

அம்மா பதறிவிட்டாள். "ஐயோ, என்ன வார்த்தை சொல்லுற! உள்ள வா. தண்ணி குடிச்சிட்டுச் சொல்லிட்டுப் போ!"

நான் திரும்பவில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஸ்டேஷனுக்கு நடந்தேன். செருப்புக்குள் மணல் புகுந்து காலைச் சுட்டது. அழுதுகொண்டே நடந்தேன். ரயில் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

பிளாட்பாரத்தில் ஒரு சலசலப்பு. எட்டிப் பார்த்தால், அண்ணன்! வாசலைத் தாண்டாத அண்ணன், சட்டைகூடப் போடாமல், கையில் ஒரு செம்பை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் தண்ணீர் தளும்பி நனைந்திருந்தது. என் ஜன்னலுக்கு வந்து, மூச்சு வாங்க, செம்பைக் கம்பிக்கு நேரே நீட்டினார்.

"குடி ஆத்தா" என்றார். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறந்த மாதிரி இருந்தது அந்தக் குரல். "குடிச்சிட்டு, வாரேன்னு சொல்லு."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவரே மறுபடி பேசினார். "அவனும் அன்னைக்கு வீட்டுல கெளம்பையில போறேன்னுதாம்த்தா சொன்னான். நான் சிரிச்சிக்கிட்டே விட்டுட்டேன்."

கம்பிகளுக்கு நடுவே செம்பு நுழையவில்லை. உள்ளங்கைகளைக் குவித்து வெளியே நீட்டினேன். அவர் ஊற்றினார். பாதி சிந்தியது. மீதியைக் குடித்தேன். ஊரையே வாயால் அளப்பவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ரயில் ஊதிவிட்டது. அண்ணன் கூடவே நடந்தார், பிறகு ஓடினார். "சொல்லு, சொல்லுத்தா!"

"வாரேண்ணே!" என்று கத்தினேன். "வாரேன், வாரேன், வாரேன்!"

அவர் நின்றுவிட்டார். செம்பைக் கையில் பிடித்தபடி அவர் நின்றது, பாலத்தில் ரயில் ஏறும் வரை தெரிந்தது. இருபுறமும் கடல் வந்தது. நான் விசித்து விசித்து அழுதுகொண்டிருந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த யாத்திரைக்கார அம்மாள் இரக்கத்தோடு என் முழங்காலைத் தொட்டாள். "என்னம்மா, ஏன் இப்படி அழறே?"

"எங்க அண்ணன் பேசுனாரும்மா" என்றேன்.

"இதுக்கா அழறே?" என்றாள் அவள். "கூடப் பிறந்தவர், ஊருக்குப் போறப்போ பேசாம பின்ன என்ன செய்வார்?"