அழற பெட்டி, சமத்துப் பெட்டி

"அது என்ன பெட்டி, சொல்லு பாப்போம்?"

"அழற பெட்டி!"

சென்னை விமான நிலையத்தில், கார் நிறுத்தும் கட்டடத்தின் மேல்மாடியில், சாப்பாட்டுக் கடைகளுக்கு எதிரே ரோஹிணி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தம்பி மகள் சின்மயி, நாலு வயது. போகிற வருகிற பெட்டிகளின் சக்கரச் சத்தத்தைக் கேட்டு, கிறீச்சிட்டால் அழற பெட்டி, சத்தமில்லாமல் உருண்டால் சமத்துப் பெட்டி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். சின்மயி அதோடு நிற்பதில்லை. பெட்டிக்காரரின் பின்னாலேயே ஓடி, "அங்கிள், உங்க பெட்டி அழறது" என்று தகவலும் சொல்லிவிட்டு வருகிறாள்.

ரோஹிணிக்கு இது தொழில் புத்தி. பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. எந்தப் பை கையில் கிடைத்தாலும் தையலை நகத்தால் நெருடிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலி மாமியின் கைப்பைக்கும் அதே கதிதான். "தையல் விட்டுண்டிருக்கு மாமி, கடைக்காரன் உங்களை நன்னா ஏமாத்திட்டான்" என்பாள். அந்த மாமிகள் அப்புறம் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை.

குடும்பத்தில் அவளுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. மஸ்கட், சிங்கப்பூர், டாலஸ் என்று சிதறிக் கிடக்கும் சொந்தங்கள் சென்னையில் விமானம் மாறும்போதெல்லாம், "அதான் ரோஹிணி இருக்காளே!" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் தட்டிவிடுவார்கள். அவளும் லீவு போட்டுவிட்டு, திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்து சேருவாள். குழந்தையை அவள் மடியில் இறக்கிவிட்டுப் பெற்றவர்கள் போனுக்குச் சார்ஜ் ஏற்றுவார்கள், தூங்குவார்கள். கிளம்பும்போது, "நீ இல்லேன்னா என்ன பண்ணிருப்போம்!" என்று உருகுவார்கள். விமானம் மேலே ஏறுவதற்குள் அந்த உருக்கம் ஆறிவிடும்.

இத்தனை பேரில் ஒருவர்கூட அவள் வீட்டுப் படி ஏறியதில்லை. இரும்புலியூரில் சொந்தச் சம்பாத்தியத்தில் ஃப்ளாட் வாங்கி இரண்டு வருஷமாகிறது. "தனி ஆளுக்கு எதுக்கு வீடு?" என்று கேட்டவர்கள்தான் எல்லோரும். கிரகப்பிரவேசத்தன்று வாட்ஸ்அப்பில் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன, கால்கள்தான் வரவில்லை. கூடப்பிறந்தவன் கால் படாத வீடு என்ன வீடு என்று அவளுக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இந்தத் தடவை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் வந்தாள். மஸ்கட்டிலிருந்து கோயம்புத்தூர் போகும் தம்பி பத்ரிக்கு இங்கே ஆறு மணி நேரம் காத்திருப்பு. விடிவதற்குள் எழுந்து, அவனுக்குப் பிடித்த எலுமிச்சம்பழச் சேவை செய்து வைத்தாள். ஒரு வாய்கூட எடுத்து வரவில்லை. டப்பாவில் கொண்டுவந்தால் இங்கேயே தின்று கை கழுவிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

காலையில் அவன் வெளியே வந்ததுமே கேட்டுவிட்டாள். "பத்ரி, நாலே ஸ்டேஷன்டா. தாம்பரத்துல இறங்கினா ஒரு ஆட்டோ. சேவை பண்ணி வச்சிருக்கேன்."

"ஐயோ அக்கா, டிராஃபிக்ல மாட்டிண்டா அவ்ளோதான்."

"டிரெயின்ல என்னடா டிராஃபிக்?"

பத்ரி மனைவியைப் பார்த்தான். அவள் பெட்டிகளைப் பார்த்தாள். "லக்கேஜ் வேற இருக்கேக்கா. நெக்ஸ்ட் டைம் கண்டிப்பா வரோம்" என்று சொல்லிவிட்டு, பெட்டிமேல் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம்தான் இந்தப் பெட்டி விளையாட்டு.

அதுவும் இப்போது சலித்துவிட்டது. எஸ்கலேட்டரில் ஏறி இறங்கியாயிற்று, தண்ணீர் பாட்டிலை உருட்டியாயிற்று. சின்மயி உதட்டைப் பிதுக்குகிறாள். ரோஹிணி அவசர அவசரமாகத் தன் பையைத் துழாவி, கையில் அகப்பட்ட சாவிக்கொத்தை நீட்டுகிறாள்.

"இது அத்தையோட ஆத்துச் சாவி. தொறந்தா உள்ள ஊஞ்சல் இருக்கு."

குழந்தை அதைக் கலகலவென்று ஆட்டிப் பார்க்கிறது. "போலாமா?"

"அப்பாவைக் கேளு."

அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

எழுந்ததும் ஒரே பறப்பு. உள்நாட்டு விமான வாசலில் டிக்கெட்டைக் காட்டி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார்கள். பத்ரியின் தோளில் சின்மயி; அவள் கையில் இன்னும் சாவிக்கொத்து. கேட்டு வாங்க வாயெடுத்த ரோஹிணி, என்ன நினைத்தாளோ, மூடிக்கொள்கிறாள்.

இரண்டு நிமிஷத்தில் பத்ரி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஓடி வருகிறான். சாவிக்கொத்தைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டி என்னவோ கத்துகிறான். வாய் அசைவது மட்டும் தெரிகிறது. இன்னொரு சாவி பக்கத்து ஃப்ளாட் ஹில்டாவிடம் இருப்பது அவனுக்குத் தெரியாது. 'நெக்ஸ்ட் டைம் கண்டிப்பா' என்று சொன்னவன்தானே, அப்போது கொண்டுவரட்டும்.

ரோஹிணி முகம் மலரச் சிரித்து, தானும் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அவனுக்கு நன்றாக டாட்டா காட்டிவிட்டு, ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடக்கிறாள்.