இறக்கையில் எமில்டாவின் தையல்

லிபெர்த்தா வீதியில் எமில்டா வேலை செய்த வீட்டுக்காரர் சால்வோ, தன் கையாலேயே ஒரு சின்ன விமானம் கட்டினார். அதன் இறக்கைக்குத் துணி போர்த்தித் தைத்துக் கொடுத்தவள் எமில்டா.

ஒரு ஞாயிறு அந்த விமானமும், நண்பர் ஒருவர் வீட்டில் கட்டிய இன்னொன்றும் வானத்தில் மோதி விழுந்தன. சால்வோவும் நண்பரும் தப்பவில்லை.

"என்ரை தையல் விட்டுத்தான் மற்றதிலை போய் இடிச்சுதோ?" என்று எமில்டா புருசனிடம் அழுதாள்.

"விசர்க்கதை கதையாதை. ரெண்டு வாய் சாப்பிடு" என்றான் சூசைதாசன்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று, சால்வோவின் மனைவியான சிஞ்ஞோராவுக்குத் தினமும் வீட்டிலிருந்து சாப்பாடு சமைத்துக் கொண்டுபோனாள்.

மூன்றாம் நாள் சிஞ்ஞோரா அவள் முகத்தையே பார்த்தார்.

"உடைந்த இறக்கையை எனக்குக் காட்டினார்கள், எமில்டா. சட்டம்தான் முறிந்திருந்தது. உன் தையல் ஒன்றுகூட விடவில்லை. எதிர்வெயிலில் ஒருவரை ஒருவர் காணவில்லையாம்."

எமில்டா ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. புருசனைப் பறிகொடுத்து நிற்கிற மனுசி, தன் பயத்தையும் கவனித்திருக்கிறாரே என்று நினைத்தாள்.

சிஞ்ஞோரா இன்னொரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து வைத்தார்.

"இரு. நீயும் சாப்பிடு."

எமில்டா இருந்து சாப்பிட்டாள்.