கதவு திறந்திருந்த காலை

நாற்பத்தொரு வயதில்தான் நான் சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார், அதுதான் காரணம். வேலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். படிக்கிற காலத்தில் எந்த விளையாட்டிலும் என்னைச் சேர்த்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவன் ஒரே வருஷத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் மேடு ஏறுவதில் முதல் ஆளாகிவிட்டேன். ஏறி முடித்ததும் எவ்வளவு நேரம் ஆனது என்று போனில் ஆப் காட்டும். குழுவில் இருப்பவர்கள் அதற்குக் கட்டைவிரல் போடுவார்கள். அந்தக் கட்டைவிரல்களுக்காக ஒரு மனிதரிடம் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவரும் எங்கள் குழுவில்தான் இருந்தார், என்னைவிட ஆறு வயது மூத்தவர். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை வாத்யாரே என்பார். குளித்துத் திருநீறு பூசாமல் சைக்கிளில் ஏற மாட்டார். பத்து கிலோமீட்டர் போவதற்குள் ஹெல்மெட்டுக்குக் கீழே அது வியர்வையில் கரைந்து புருவம் வரை வழிந்துவிடும். அவருக்குப் பழைய சர்ச்சுகள் என்றால் உயிர். சாமிக்காக இல்லை, கட்டடத்துக்காக.

ஒடுகத்தூர் போகும் வழியில் வயலும் வேர்க்கடலைக் கொல்லையுமாக இருக்கும் கிராமங்களில் அப்படி இரண்டு சர்ச்சுகள் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியவை. ஒன்று முழுக்கக் கருங்கல். மற்றது சுண்ணாம்பு பூசியது, பக்கத்திலேயே சின்னக் கல்லறைத் தோட்டம். இரண்டிலும் அவர் நிற்பார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, சுவரைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவார். சில நாள் சட்டைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்துக் கண்ணில் சொட்டு விடுவார். கேட்டால், "தூசு வாத்யாரே" என்பார்.

"இந்த வளைவைப் பாருங்க. ஒரு கம்பி கெடையாது உள்ள. கல்லு கல்லைப் புடிச்சிக்கிட்டு நிக்குது. இன்னா தெகிரியம் இருந்தா இப்டி கட்டியிருப்பான்!"

நான் பார்த்ததில்லை. ரோட்டிலேயே ஒரு காலை ஊன்றிக்கொண்டு போனைப் பார்த்தபடி நிற்பேன். நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் என் ஆவரேஜ் வேகம் இறங்கிக்கொண்டிருக்கும். "அஞ்சு நிமிஷம் ஆச்சுண்ணா" என்று குரல் கொடுப்பேன். அவர் முகம் சுளிக்காமல் வந்து ஏறிக்கொள்வார்.

கொஞ்ச நாளில் அவர் மெதுவாகிவிட்டார். ஏற்றத்தில் பரவாயில்லை, இறக்கத்தில்தான் மோசம். பிரேக்கைப் பிடித்தபடியே வருவார். ரோட்டின் ஓரத்தை விட்டு நடுவிலேயே ஓட்டுவார். பின்னால் வரும் வண்டிக்காரர்கள் திட்டிவிட்டுப் போவார்கள். குழுவின் முன்னாலேயே நான் கேலி செய்திருக்கிறேன்: "இன்னாண்ணா, கல்யாண ஊர்கோலம் மாதிரி வர்றீங்க? பின்னால மேளம் ஒண்ணுதான் கொறைச்சல்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஒடுகத்தூரைத் தாண்டி மலைமேல் ஏறினால் சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. எப்போதோ ரோடு அளக்கும் வேலைக்காக ஜீப்பில் போனபோது அதைப் பார்த்திருக்கிறார். நடுப்பகல், கதவு பூட்டியிருந்தது. சாவித் துவாரம் வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தாராம். பலிபீடத்துக்கு மேலே வட்டமாக ஒரு ஜன்னல், கண்ணாடி போட்டது; என்ன கலர் என்று சரியாகத் தெரியவில்லையாம். "கெழக்கு பாத்த ஜன்னல் வாத்யாரே. கார்த்தால வெயில் உள்ள வுழுறப்போ கதவு தொறந்திருந்தா போதும். ஒரு வாட்டி பாத்துடணும்." அதை ஓர் ஐந்தாறு முறையாவது சொல்லியிருப்பார். சரிண்ணா, போகலாம் என்பேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு அந்த மலையில் ஏறினோம். குழுவில் வேறு யாரும் வரவில்லை, நாங்கள் இருவர்தான். அவர் சர்ச்சுக்காக வந்தார். நான் உச்சி வரைக்குமான என் பழைய நேரத்தில் இரண்டு நிமிஷம் குறைப்பதற்காக வந்தேன். புளியமரங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போனது. பனி விலகி வெயில் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. சர்ச் இருக்கும் திருப்பத்தை நான் தாண்டியபோது பின்னாலிருந்து அவர் கத்தினார்.

"வாத்யாரே! கதவு தொறந்திருக்கு!"

திரும்பிப் பார்த்தேன். ஓடு போட்ட சின்னக் கட்டடம். வாசலில் ஒரு பெண் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. உள்ளே என்ன தெரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்த்தது போனைத்தான். பழைய நேரத்தைவிட ஒரு நிமிஷம் முன்னால் இருந்தேன்.

"எறங்கும்போது பாக்கலாம்ணா! இப்ப நின்னா எல்லாம் போச்சு!"

அவர் நின்றிருக்கலாம். நான் போகிற போக்கில் போயிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் அவர் நிற்கவில்லை. பின்னாலேயே வந்தார்.

உச்சியில் இரண்டு நிமிஷமும் சில விநாடிகளும் குறைத்திருந்தேன். அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், வாங்க போகலாம், வெயில் மேல ஏறுது என்று அவசரப்படுத்தினார். அது சர்ச்சுக்கான அவசரம். நான் வேறு ஒன்று சொன்னேன். "இன்னைக்காவது பிரேக்கை வுட்டுட்டு வாங்கண்ணா. பயந்தாங்கொள்ளி மாதிரி வராதீங்க."

அவருக்கு முன்னால் இறங்கி, சர்ச் வாசலை நான் நிற்காமல் தாண்டினேன். இறக்கத்திலும் என் பழைய நேரத்தை முந்த வேண்டியிருந்தது. அடிவாரத்தில் நின்று போன் திரையைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அவர் சர்ச்சுக்குள் நிற்கிறார்போல என்று நினைத்துக் காத்திருந்தேன். அரைமணி நேரம் கழித்து மேலேயிருந்து பைக்கில் வந்த ஒருவர் என்னைப் பார்த்து நிறுத்தினார். "உங்ககூட வந்தவரா சார்? மேல வுழுந்து கெடக்குறாரு."

சர்ச்சுக்கு இரண்டு வளைவு மேலேயே விழுந்திருந்தார். அதுவரைக்கும்கூட வந்து சேரவில்லை. ரோட்டின் இடது பக்கம் ஆடுகள் நின்றிருக்கின்றன. அதில் ஒன்றின் மேல் மோதியிருக்கிறார். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்காரப் பெண் தன் துண்டால் அவர் கையைத் தோளோடு சேர்த்துக் கட்டி, புளியமரத்தடியில் உட்கார வைத்திருந்தாள்.

"நட்டநடுவுலகூட இல்ல சார், ஓரமாத்தான் நின்னுச்சு," என்று என்னிடம் முறையிட்டாள். "கண்ணு தெரியாதவராட்டம் வளைவுல திரும்பாம நேரா வந்து வுட்டுட்டாரு."

"அவருக்கு எறங்கத் தெரியாதும்மா," என்றேன். அவர் காதில் விழும்படியாகத்தான் சொன்னேன்.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமில்லாமல், நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். "உங்ககிட்டகூட சொல்லலீங்களா? ஒரு வருஷத்துக்கு மேல கண்ணுக்கு மருந்து போட்டுட்டு இருக்காரு. உள்ள பிரஷர் ஏறி நரம்பு கெட்டுட்டே வருதாம். ரெண்டு பக்கமும் இருக்கறது தெரியாது அவருக்கு. நேரா பாத்தா மட்டும்தான் தெரியும். சைக்கிள் வேணாம்னு நானும் சொல்லிட்டேதான் இருந்தேன்."

அவர் நடுரோட்டில் ஓட்டியதும், பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கியதும், சுவரைத் தடவிக்கொண்டு நடந்ததும் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கின. ஊர்கோலம் என்று நான் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பும் விளங்கியது. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன்.

பிறகு அவருடைய கண் டாக்டரிடம் நானே தனியாகப் போய்க் கேட்டேன். விழுந்ததற்கும் பார்வை குறைவதற்கும் சம்பந்தமில்லை, இது எப்படியும் இப்படித்தான் போயிருக்கும் என்றார். கேட்டதும் நிம்மதி வரும் என்று நினைத்துப் போயிருந்தேன். வரவில்லை.

எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. பார்வை குறைந்துகொண்டே வந்தது. முதலில் சைக்கிளை நிறுத்தினார். பிறகு வரைபடங்களில் கோடு விலக ஆரம்பித்து வேலையை விட்டார். நான் அடிக்கடி அவர் வீட்டுக்குப் போனேன். பழங்கள் வாங்கிப் போவேன். சர்ச் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போய்ச் சேரும் என்று இருவருக்கும் தெரியும்.

விழுந்து இரண்டு வருஷமாகி, போன தை மாதம், நானே எடுத்தேன். போகலாமாண்ணா என்றேன். தலையாட்டினார். ஒடுகத்தூர் வரை பஸ், அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப். காலை எட்டு மணிக்கெல்லாம் சர்ச் வாசலில் இறங்கிவிட்டோம். அப்போது அவருக்கு ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா வழியாகப் பார்ப்பது போல் நடுவில் கொஞ்சம்தான் தெரியும், அதுவும் புகையாக.

ஜீப்பிலிருந்து இறங்கியதுமே நான் கவனித்துவிட்டேன். ஓடு இல்லை, கான்கிரீட் தளம். வாசலுக்கு இரும்புக் கதவு. உள்ளே தரை முழுக்கப் பளபளவென்று டைல்ஸ். அலுமினிய ஜன்னல்கள். பலிபீடத்துக்கு மேலே வெறும் வெள்ளைச் சுவர், நடுவில் ஒரு மரச்சிலுவை.

அவர் என் முழங்கையைப் பிடித்தபடி உள்ளே வந்து நின்றார். முகத்தை மேலே தூக்கினார்.

"ஜன்னல் இருக்கா வாத்யாரே? எனக்கு வெள்ளையா ஏதோ தெரியுது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "இருக்குண்ணா" என்றேன்.

"வெயில் வருதா?"

"வருதுண்ணா."

"இன்னா கலரு?"

"செவப்பு, நீலம்… ஓரத்துல பச்சை. தரையெல்லாம் வுழுந்திருக்கு."

அவர் காலடியைப் பார்க்கிறவர்போலக் குனிந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

அதற்குள் துடைப்பத்தோடு ஒரு பெண் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தாள். அன்று வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவளாகத்தான் இருக்க வேண்டும். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். "மேல அந்த வட்ட ஜன்னலைத்தாம்மா," என்றார் அவர்.

"அது எங்க கீது இப்ப? அடைச்சி ஒரு வருஷம் ஆயிப்போச்சுங்களே. கண்ணாடி ஒடஞ்சி மழையெல்லாம் உள்ள. ஓடும் ஒழுகும். மழ நாள்ல ஒருத்தரும் உள்ள குந்த முடியாது. இப்பதான் நல்லா கீது."

என் முழங்கையிலிருந்த அவர் கை அப்படியே இருந்தது. எடுத்துவிடுவார் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. அவளிடமே திரும்பிக் கேட்டார். "நல்லதுதாம்மா. மழைக்கு ஒதுங்க எடம் வேணும் இல்ல. அந்தக் கண்ணாடி இன்னா கலருல இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"மஞ்சதாங்க. வெறும் மஞ்ச. வேற கலரே கெடையாது." அவள் துடைப்பத்தால் தரையில் ஓர் இடத்தைக் காட்டினாள். "இங்க வுழும். பனி காலத்துல புள்ளைங்க எல்லாம் பாட்டு பாடாம அந்த மஞ்ச வெயில்ல வந்து குந்திக்கும். வெயில் நகர்ந்தா புள்ளைங்களும் கூடவே நகரும். போதகர் ஐயா அதட்டுவாரு, கேக்காதுங்க."

அவர் இன்னும் கேட்டார். சட்டம் மரமா, கல்லா? எவ்வளவு அகலம்? அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவரால் அதைப் பார்க்க முடியவில்லை என்று தெரிந்ததும் அவர் கைகளைப் பிடித்து அந்த அளவுக்கு விரித்துவிட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் அதற்கு எதிரில் உட்கார்ந்தவள் அவள். நான் வெளியே வந்து வாசற்படியில் நின்றுகொண்டேன்.

திரும்பும் ஜீப்பில் கூட்டம். சாமை மூட்டைகளுக்கும் கூடைகளுக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருஷமாகச் சொல்லாததை அங்கே வைத்துத்தான் சொன்னேன். அன்று நிற்காததற்கும், பயந்தாங்கொள்ளி என்றதற்கும், சற்று முன் சொன்ன பொய்க்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். ஜீப் சத்தத்தில் பாதி கேட்டிருக்குமோ என்னவோ.

கொஞ்ச தூரம் போன பிறகு அவர் பேசினார். "நானும் சொல்லியிருக்கணும் வாத்யாரே. கண்ணு இப்டின்னு சொன்னா என்னை வுட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை ஒண்ணுதான் எனக்கு இருந்துது."

சேச்சே, அப்படியெல்லாம் செய்திருப்பேனாண்ணா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அதைச் சொல்வார்கள். ஆனால் ஒரு நாளில் இரண்டாவது பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு இருந்த நான் அவரை விட்டுவிட்டுத்தான் போயிருப்பேன். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஒடுகத்தூரில் ஜீப் நின்றதும் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.