முந்தி இல்லாத சேலையும் செவ்வாய்க்குப் போன கலமும்

பிள்ளைகளே, என் அக்காவின் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனதற்குச் செவ்வாய்தான் காரணம் என்று ஆரணியில் எங்கள் தெருவே சொன்னது. ஜாதகத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டதாம். அந்தச் செவ்வாயைச் சுற்றிப் பார்க்க ஆளில்லாத விண்கலம் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்று வகுப்பில் வாத்தியார் சொன்னதும், எங்கள் வீட்டு வேலையாகத்தான் போகிறது என்று நம்பிவிட்டேன்.

ஒருவழியாகக் கல்யாணம் கூடியது. முகூர்த்தச் சேலையை அப்பாவே எங்கள் தறியில் நெய்தார். பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் பட்டுநூல், அதை அளந்து ஓட்டிக் கொடுத்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. மூன்று சேலைக்கு ஒரே பாவு. அக்காவுடையது கடைசி. முந்தி நெய்ய வேண்டியதுதான் பாக்கி என்ற அன்று பாவு தீர்ந்துவிட்டது. மிதியில் வைத்த அப்பாவின் கால் வைத்தபடியே நின்றது. மாமாவுக்கு ஆள் போனது. அவர் வந்ததும் அப்பா பிடித்துக்கொண்டார்.

"இருபது ஓட்டுன்னு சொன்னனே மச்சான்!"

"இருபது கெஜம், ஒரு விரக்கடை கொறையல மாமா."

"நான் சொன்னது மீட்டருடா!"

"அத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கறதுக்கு இன்னா?"

கெஜம் மீட்டரைவிடக் குட்டை; முந்தி அதில்தான் போனது. கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று மாமா போய்விட்டார். தாய்மாமன் மாலை போடாமல் எங்களில் பெண் மணவறை ஏறுவது கிடையாது. அக்கா சாப்பாட்டை விட்டாள். அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் செவ்வாயை நெருங்கிய கலம் காணாமல் போனது. பிறகு ஒரு சாயங்காலம் டிவியில் காரணம் சொன்னார்கள். ஒரு குழு பவுண்டுக் கணக்கில் எண்களைக் கொடுக்க, இன்னொரு குழு அவற்றை மெட்ரிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டதாம். கலம் தாழப் போய் அழிந்திருக்கும் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு தூரம் போன கலம்! அழுதுகொண்டே மாமா வீட்டுக்கு ஓடினேன்.

விக்கி விக்கி நான் சொன்னதைக் கேட்டு மாமா டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தார். "அவங்களுமாடா?" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, "ஜல்தி வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"சேதி கேட்டீங்களா மாமா?"

"இப்பத்தான் பாத்துகினு இருந்தேன். உள்ள வா."

"புதுப் பாவு ஓட்டறேன். மீட்டர்லயே."

"வேணாம் மச்சான், கெஜத்துலயே ஓட்டு."

"மொதல்ல ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லித் தொலைங்க!" என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள். மூவரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

நான் மட்டும் மூலையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தேன். இருட்டில் தன்னந்தனியாக அத்தனை தூரம் போய் ஒரு கலம் அழிந்திருக்கிறது. அன்றைக்குப் போய் அம்மா எதற்காக நெய் ஊற்றிக் கேசரி கிண்டினாள் என்பது எனக்கு விளங்கவேயில்லை.