ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள்

புதுவருட விடுமுறை முடிந்து வேலை தொடங்கும் முதல் நாளில், எங்கள் புள்ளியியல் துறையின் சின்னச் சமையலறையில் ஓர் ஆப்பிள் கேக் காத்திருக்கும். பேராசிரியரின் பிறந்தநாள் ஜனவரி முதலாம் திகதி. அன்று பல்கலைக்கழகம் பூட்டியிருக்கும் என்பதால் கொண்டாட்டத்தை இந்த நாளுக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். செயலாளர் அம்மையார் வீட்டில் சுட்டு, துணியால் மூடி, டிராமில் மடியில் வைத்துக் கொண்டுவருவார். எல்லாரும் ஜெர்மனில் பாடுவார்கள். பேராசிரியர் மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து நன்றி சொல்வார். அந்தப் பிறந்தநாள் உண்மையானதல்ல என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். மற்றது நான்.

அதற்காக அவர் ஏமாற்றுக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்களில் எத்தனை பேர் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள்? இங்கே பதிவு செய்த அதிகாரிகள் ஆண்டை மட்டும் கேட்டு எழுதிவிட்டு, பத்திரம் இல்லாதவர்களுக்கு முதலாம் மாதம் முதலாம் திகதி என்று போட்டுவிட்டார்கள். என் அம்மாவுக்கும் அப்படித்தான். "ஆவணி மாசம், ரோகிணி நட்சத்திரம் எண்டு வடிவாச் சொன்னனான். அந்த மனுசன் பேனையை மூடிப்போட்டுச் சிரிக்குது" என்று அம்மா இன்றைக்கும் திட்டுவார். கோயிலுக்கு வருகிற வயதானவர்களில் பலருக்கு ஒரே நாளில்தான் பிறந்தநாள். அதைச் சொல்லி நாங்கள் பகிடி பண்ணுவோம்.

பேராசிரியரிடம் நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டு, ஓராண்டு ஓராண்டாக நீட்டப்படும் ஒப்பந்தத்தில் உதவியாளராக இருந்தேன். கணக்கில் அவரை விஞ்ச ஆளில்லை. இதை இப்போதும் சொல்வேன், வயிறெரிந்துகொண்டுதான் சொல்வேன். துறைக்குள் அவர் தமிழில் ஒரு சொல் பேசமாட்டார். ஆனால் அட்டவணைகளைச் சரிபார்க்கும்போது, விரல் வரிசையில் இறங்க இறங்க, உதடு மட்டும் 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' என்று அசையும். மதியம் மாணவர் உணவகத்தில் வரிசையில் நிற்கும்போதும் அவருக்கு ஆராய்ச்சிதான். தட்டை எடுத்துவிட்டு மனம் மாறி எத்தனை பேர் விலகிப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே பக்கத்தில் வேறு யாரும் இல்லையென்றால் எனக்குத் தமிழில் சொல்வார்: "பிள்ளை, நிக்கிற சனத்தை ஆரும் எண்ணுவினம். விட்டிட்டுப் போற சனத்தை எண்ணப் பழகும்." எவ்வளவு அழகான பேச்சு! அதைக் கேட்டு நான் மெய்சிலிர்த்ததை நினைத்தால் இப்போது என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

எங்கள் நகரத்து நலவாழ்வு நிலையத்தில் புதன்கிழமை காலைகளில் 'தமிழ் நேரம்' என்று ஒன்று இருந்தது. மன்னாரைச் சேர்ந்த ஒரு தாதி அக்கா அங்கே இருந்து, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ள நம் வயதானவர்களுக்கு மருந்தையும் ஊசியையும் தமிழில் விளங்கப்படுத்துவா. சீனி வருத்தம் இருந்த அம்மா ஒரு கிழமைகூடத் தவறவிட்டதில்லை. தேவைப்பட்டதெல்லாம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அந்த அக்காவின் வாய். இதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க, நகரத்தில் அதற்குத் தேவையுள்ள முதியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துத் தரும்படி நகரசபை எங்கள் துறையைக் கேட்டது. அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். "எங்கடை ஆள்தானே பொறுப்பு, பிறகென்ன" என்றா.

தரவுகள் வந்து சேர்ந்தபின் ஒரு கூட்டம். அவற்றைச் சுத்தம் செய்யும் பொறுப்பில் இருந்த ஜெர்மன் இளைஞன் திரையில் காட்டினான். ஜனவரி முதலாம் திகதியில் மட்டும் கோபுரம் மாதிரி ஒரு கோடு எழுந்து நின்றது. "இத்தனை பேர் ஒரே நாளில் பிறக்க முடியாது. இவை நம்பத்தகாத பதிவுகள், நீக்கிவிடலாமா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன், பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஜெர்மனில் ஒரே சொல்லாக, "நீக்குங்கள்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"சேர், அது எங்கடை சனம். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை? உங்கடை பிறந்தநாளும் அண்டைக்குத்தானே சேர்?"

அவர் முதலில் யன்னலைத்தான் பார்த்தார். வெளியே ஒருவரும் நிற்கவில்லை என்று கண்டபின்தான் வாய் திறந்தார். "அதுதான் பிள்ளை. நான் சொன்னால் என்ரை திகதியையும் கேப்பாங்கள். பிறகு பழைய கோப்பைக் கிண்டுவாங்கள். தன்ரை ஆக்களுக்காகக் கணக்கை வளைச்சவன் எண்டு ஒருக்காப் பேர் வந்தால், பிறகு ஒருத்தனும் என்னை நம்பமாட்டான்."

குடியுரிமை எடுத்து எத்தனையோ காலமான மனிதர். அவருடைய நூலை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். அவர் வந்தால் துறைத் தலைவரே எழுந்து கதவு திறந்துவிடுவார். அந்த மனிதர் இன்னும் அந்தப் பழைய அகதிக் கோப்புக்குப் பயந்துகொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் தலைக்கேறியது. "அப்ப நான் சொல்லுறன்" என்றேன். "உம்மடை ஒப்பந்தம் மார்கழியோட முடியுது. யோசிச்சுச் செய்யும்" என்றார், குரலை உயர்த்தாமல்.

நானும் யோசித்தேன். யோசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். ஒப்பந்தம் நீண்டது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றிக்குரியோர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அவரைத் திட்டும்போதெல்லாம் அந்தப் பக்கமும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது. வரட்டும்.

போதிய தேவை இல்லை என்று 'தமிழ் நேரம்' நின்றது. தாதி அக்கா பீலெஃபெல்ட் நகரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டா. டொக்டரைப் பார்க்க நேரம் குறித்துத் தந்த ஒரு டெர்மினுக்கு மட்டும் அம்மா தனியே போனா. டொக்டர் சொன்னதற்கெல்லாம் 'யா, யா' என்று தலையாட்டிவிட்டு வந்து, "விளங்காத இடத்தில பொம்மை மாதிரிக் குந்தியிருக்க என்னால ஏலாது" என்று போவதையே நிறுத்திவிட்டா. நான் கூட வருகிறேன் என்றால், உனக்கு வேலை இருக்கு என்பா. காலில் வந்த புண்ணை எனக்கும் மறைத்தா. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. இப்போதும் அம்மாவுக்கு நடந்ததன் காரணம் தெரியாது. "சேர் எவ்வளவோ முயற்சி செய்திருப்பார், பாவம்" என்று சொல்லுவா. நான் எழுந்து தேநீர் போடப் போவேன்.

பேராசிரியர் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு. உயிர் தப்பினார். ஆனால் அவ்வளவு ஜெர்மனும் போய்விட்டது, தமிழ் மட்டும் மிஞ்சியது. மனைவி இறந்துவிட்டா, மகன் கனடாவில். மகன் என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறான். வைத்தியசாலையிலிருந்து அழைத்தபோது போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். வேறு ஆள் இல்லாததால் போனேன்.

நோகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று தாதிப் பெண் கேட்கக் கேட்க, நான் தமிழில் கேட்டுச் சொன்னேன். களைத்துப்போன அந்தப் பெண் நடுவில் என்னிடம், "இந்த நகரத்தில் தமிழ் தெரிந்த தாதி ஒருவரும் இல்லையா?" என்றாள். "இருந்தார். ஆட்கள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள்" என்றேன். அவருக்கும் கேட்கட்டும் என்று, அதையே தமிழில் அவர் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னேன். அவ்வளவு கெட்ட மனம் எனக்கு.

அவர் என்னையே பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் சொல் தெளிவாக வந்தது.

"ஆக்கள் இருந்தவை, பிள்ளை. நான்தான் வெட்டிவிட்டனான்."

"இதை அண்டைக்கு ஜெர்மனில சொல்லியிருக்கலாமே, சேர்!"

"என்ன சொல்கிறார்?" என்று தாதிப் பெண் கேட்டாள். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்: ஆட்கள் இருந்தார்கள், நான்தான் வெட்டினேன் என்கிறார். அவள் அவரைக் கவலையோடு பார்த்துவிட்டுத் தாளில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'நோயாளி குழப்பத்தில் இருக்கிறார்.'

"இல்லை, அவர் சொல்வது உண்மை" என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள். "உண்மை என்கிறேன், எழுதுங்கள்!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் என் தோளைத் தொட்டு, உறவினர்களுக்கு இது கடினமான நேரம்தான் என்றாள்.