என் முகத்தில் இன்னொரு மிஸ்

தாதித் தொழிலைப் படிப்பிப்பதில் உள்ள பெரிய சங்கடம், புத்தகத்தில் இருக்கிற நோயாளி சொன்னபடி கேட்பார், கட்டிலில் இருக்கிற நோயாளி கேட்கமாட்டார் என்பதுதான். வகுப்பில் நின்றவர்கள், ஆஸ்பத்திரி வாட்டில் நின்றவர்கள், இரண்டிலும் அகப்பட்டுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். மன்னாரில் சின்னதொரு தாதியர் பயிற்சிப் பள்ளியில் நான் விரிவுரையாளர். இருபத்தாறு மாணவிகள். ஊசி போட்டுப் பழக ஒரு பொம்மை. அதற்கும் இடது கை இல்லை.

எங்கள் கணினிப் பொறுப்பாளர் கிளமென்ற் ஒருநாள் யோசனை ஒன்றோடு வந்தார். ஒருவர் நடித்த வீடியோவில் இன்னொருவரின் முகத்தையும் குரலையும் கணினியால் ஏற்றிவிடலாம். டீப்ஃபேக் என்று உலகம் பயப்படுகிற சாமான்தான். அதை வைத்து நாங்கள் நோயாளிகளைச் செய்தால் என்ன என்று கேட்டார். உண்மையான நோயாளியைப் படம்பிடித்து வகுப்பில் காட்டுவது அவருக்குச் செய்கிற அநியாயம். மாணவிகளை நோயாளியாக நடிக்கவிட்டால் சிரிப்பிலேயே பாடம் முடிந்துபோகும். அதனால் நான் ஓம் என்றேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: முகத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போடாமல் யாருடைய முகத்தையும் தொடக்கூடாது.

ஒருவருக்கும் சொந்தமில்லாத முகம்

எங்கள் முதல் நோயாளி, நெஞ்சு நோவோடு வந்துவிட்டு ஒன்றுமில்லை என்று அடம்பிடிக்கிற ஒரு கடற்தொழிலாளி. நடித்தது கிளமென்ற். முகம் கணினி தானாகச் செய்தது, உலகத்தில் அப்படி ஒருவர் கிடையாது. வெயிலில் காய்ந்த கன்னம், நரைத்த மீசை, நெற்றியில் வியர்வை. தாடையைத் தடவித் தடவி, "வாய்வு பிள்ளை, ஒரு சோடா குடிச்சாச் சரி" என்கிறார். அது வாய்வில்லை, மாரடைப்பு என்று மாணவிகள் பிடிக்க வேண்டும்.

பிடித்துவிட்டார்கள். வியர்வையைச் சொன்னார்கள், தாடை நோவைச் சொன்னார்கள், உடனே ஈசிஜி எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் பேசாலை ஊர்ப் பிள்ளை ஒருத்தி அது தன்னுடைய பெரியப்பா என்றாள். தலைமன்னார்ப் பிள்ளை, இல்லை, தங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் என்றாள். இப்படி ஒரு ஆளே இல்லை என்று கிளமென்ற் மூன்று தரம் விளங்கப்படுத்தினார். கடைசியாகப் பேசாலைப் பிள்ளை யோசித்துவிட்டுக் கேட்டாள்: "இல்லாத ஆளெண்டா, நோவை ஒளிக்க எங்க பழகினவர் சேர்?"

சிரிக்காத அனுஷா

அனுஷா தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு ஊர் திரும்பியவள். படிப்பில் கெட்டிக்காரி. நோயாளியின் முன்னால் மட்டும் நிலத்தைப் பார்த்துப் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய இந்தியப் பேச்சைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணியிருக்கிறார்கள். வாயைத் திறக்கவே பயம். அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவள் தலை நிமிர்ந்து ஒரு நோயாளியிடம் கணீரென்று பேசுவதுபோல ஒரு வீடியோ செய்தோம். தன்னால் முடியும் என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்தால் நம்பிக்கை வரும் என்பது எங்கள் எண்ணம்.

பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, எழும்பிப் போய்விட்டாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஒரு பிள்ளையின் முகத்தைப் பிடுங்கி, "பார், நீ இப்படி இருந்திருக்க வேண்டும்" என்று அவளுக்கே காட்டியிருக்கிறோமே என்று நெஞ்சு உறுத்தியது. வீடியோவை அழித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அடுத்த நாள் காலை அவளே வந்தாள். கதிரையில் உட்காராமல், என் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. மற்றப் பாதி அவள் சொன்னதில் வந்தது: "அந்தப் பொண்ணு நல்லாதான் பேசுறா மிஸ், ஆனா ஒரு தடவகூட சிரிக்கல. நான் சிரிச்சுக்கிட்டே பேசுறேன், அழிச்சிருங்க."

ஐந்து பிழை சொன்ன மிஸ்

வீடியோவில் வருகிறவர் சொன்னால் அது உண்மை என்று நம்பக்கூடாது. இதையும் தாதிமார் படிக்க வேண்டும், ஏனென்றால் கிளினிக்குக்கு வருகிற சனம் போனில் பார்த்த வைத்தியத்தோடுதான் வருகிறது. அதற்கு என் முகத்தையே கொடுத்தேன். வீடியோவில் நான் கதிரையில் இருந்து ஐந்து பிழையான விசயங்களைச் சொல்கிறேன். நோயாளியின் பெயரைக் கேட்கத் தேவையில்லை, கட்டில் இலக்கம் போதும் என்கிறேன். நேற்றைய இன்சுலின் ஊசி விட்டுப்போனால் இன்றைக்கு இரண்டு மடங்காகப் போடலாம் என்கிறேன். இப்படிச் செய்தால் ஆளே போய்விடும். முடிவில், "இது போலி, ஐந்து பிழைகளையும் கண்டுபிடியுங்கள்" என்று எழுத்து வரும்.

எழுத்து வரும்வரை இருபத்தாறு பேனைகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருத்திகூடக் கையை உயர்த்தவில்லை. இவர்கள் நாளைக்கு ஊசியோடு மனிதர்களுக்குக் கிட்டப் போகப்போகிறவர்கள். ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன். முன்வரிசையில் இருந்த கீதா, உயிலங்குளத்துப் பிள்ளை, எழும்பி நல்ல மரியாதையாகச் சொன்னாள்: "பிழையெண்டாலும் மிஸ், வழமையை விட வடிவா விளங்கப்படுத்தினீங்கள்."

சிலாவத்துறைக்குப் போன வீடியோ

அடுத்த நாள் மத்தியானம் நஸ்ரின் என் அறைக்கு ஓடி வந்தாள். வீடு சிலாவத்துறை, வாப்பாவுக்குச் சீனி வருத்தம், தினமும் இன்சுலின் போடுகிறவர். கொழும்பில் வேலை செய்கிற அவளுடைய அண்ணன், நானா என்பாள், ஒரு தகவல் அனுப்பியிருந்தார். என்னுடைய போலி வீடியோ யாரோ கைமாற்றி வாப்பாவின் போனுக்குப் போயிருக்கிறது. முடிவில் வருகிற எழுத்து அதில் இல்லை. மகளின் மிஸ் சொல்லுகிறா என்று மனுசன் பெருமையாக நாலு பேருக்குக் காட்டியிருக்கிறார். நேற்று ஊசி விட்டுப்போனதாம், இன்றைக்கு இரண்டாகப் போடப்போகிறாராம்.

நஸ்ரின் கோல் எடுத்தாள். லைன் பிஸி. திரும்ப எடுத்தாள். பிஸி. வீட்டில் இருக்கிறதே அந்த ஒரு போன்தான். கிளமென்ற் பள்ளியின் வான் வண்டியை எடுத்தார், மூவரும் ஏறினோம். தீவையும் கரையையும் இணைக்கிற தாம்போதியில் கழுதைகள் நாலு நடுறோட்டில் நின்றன. கிளமென்ற் இறங்கிக் கும்பிடாத குறையாகக் கலைத்தார். வங்காலை போனது, அரிப்பு போனது, நஸ்ரினின் விரல் போனை விடவில்லை. என் முகமும் என் குரலும் எனக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன, அவை சொன்னதை நான் போய் மறுக்கும் முன் ஊசி ஏறிவிடுமா என்பதுதான் மனம் முழுக்க.

வாப்பா முன்விறாந்தையில் போனைக் காதில் வைத்தபடி இருந்தார். எங்களைக் கண்டதும், "ஒரு மணித்தியாலமா உனக்குத்தான் மகள் எடுக்கிறன், உன்ர போன் பிஸி, பிஸி!" என்று சத்தம் போட்டார். அவள் இவரை அழைக்க, இவர் அவளை அழைக்க, இருவரும் ஒருவர் பாதையை ஒருவர் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஊசி போடவில்லை. ஊசி போடாததால் சாப்பிடவுமில்லை. நஸ்ரின் இரத்தத்தில் சீனி பார்த்து, வழமையான அளவை மட்டும் போட்டுவிட்டு, அழத் தொடங்கினாள். உம்மா எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டா. நான் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மீன் துண்டொன்றை என் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களை நம்பினனான்தான் மிஸ், ஆனா மகளிட்டக் கேக்காம நான் ஊசி போடுறேல்ல."

கந்தோரில் விசாரணை

திரும்பி வரும் வழியிலேயே என் வேலை போய்விட்டது என்று தீர்மானித்துவிட்டேன். மறுநாள் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதிக்கொண்டு பள்ளி அதிபரின் கந்தோர் அறைக்குப் போனேன். எனக்கு முன்பே அங்கே கீதா நின்றாள், மூக்குச் சிவந்து. வகுப்பில் கொப்பிக்குப் பின்னால் போனை நிறுத்தி, எழுதிக்கொண்டே வீடியோவைப் படம்பிடித்து அக்காவுக்கு மட்டும் அனுப்பினாளாம். மிஸ் வடிவாயிருக்கிறா என்று காட்டத்தான். எழுத்து வருமுன் போனை ஒளித்துவிட்டாள். அக்கா இன்னொருவருக்கு அனுப்ப, அது சிலாவத்துறைக் கடல்வரைக்கும் போய்விட்டது. ஒருவரும் கேட்காமலே வந்து சொன்ன பிள்ளையை நான் என்ன சொல்லி ஏச? எழுத்தைக் கடைசியில் வைத்தது என்னுடைய புத்திதானே.

அதிபர் அதிகம் பேசாத மனுசி. என் கடிதத்தை வாசித்தார், வீடியோவை இரண்டு தரம் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனிமேல் போலி என்ற எழுத்து முதலிலிருந்து கடைசிவரை முகத்துக்கு மேலேயே கிடக்க வேண்டும், வகுப்புக்குள் போன் வரக்கூடாது, இந்த வீடியோ பிழையானது என்று நானே பேசி இன்றைக்கே எல்லா இடமும் அனுப்ப வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு, என் வேலை என்ன ஆகும் என்று கேட்டுவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "வீடியோவில வந்த மிஸ்ஸை நிப்பாட்டியாச்சு, நீங்கள் நாளைக்கு எட்டு மணிக்கு வகுப்புக்கு வாங்கோ."

உயிலங்குளத்து அம்மா

இரண்டு மாதம் கழித்து மாணவிகளைக் கூட்டிக்கொண்டு உயிலங்குளம் கிளினிக்குக்குப் போனேன். வயல் வேலை செய்கிற அம்மா ஒருவர் தலைச்சுற்றோடு வந்தார். பிரஷருக்குப் போடுகிற குளிசையை விட்டு நாலு நாள். போனில் ஒரு டொக்டர் வந்து, குளிசையை நிறுத்திவிட்டுத் தன் தூளைக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அம்மா அந்த வீடியோவைக் காட்டினார். டொக்டரின் வாய் ஒரு பக்கம் போகிறது, சொல் இன்னொரு பக்கம் போகிறது. நோயாளியைப் பார்க்க நின்றவள் கீதா. நான் பின்னால் நின்றேன், இவள் இப்போது அந்த மனுசியை ஏசப்போகிறாள் என்று பயந்துகொண்டு.

ஏசவில்லை. கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு உட்கார்ந்தாள். பிரஷரை அளந்தாள், கூட இருந்தது, உடனே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். குளிசை திரும்பத் தொடங்கி, அந்த அம்மா சாய்மனைக் கதிரையில் கிடந்து, தலைச்சுற்று அடங்கிய பிறகுதான் கேட்டாள்: "ஏனம்மா, இவ்வளவு நாளும் எங்களிட்ட வந்தனீங்கள்தானே, என்னத்துக்கு அந்த ஆளை நம்பினீங்கள்?" அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த ஆள் என்னை ஒருநாளும் நேரம் போச்சு, நாளைக்கு வா எண்டு கலைக்கேல்ல, பிள்ளை."

இத்தனை வருஷத்தில் எனக்குப் பதவி உயர்வும் பாராட்டுக் கடிதமும் வந்திருக்கின்றன என்றாலும், பெரிய பிழை ஒன்றைச் செய்து, அதை அதிபரிடம் ஒப்புக்கொண்டு, ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் அன்று வீடு வந்து தேத்தண்ணி குடித்த அந்த நிம்மதிக்குக் கிட்ட எதுவும் வந்ததில்லை.