டீச்சர் தராத ஒரு சொட்டு

விசாலம் டீச்சர் போய்விட்டார்கள் என்று ஆராய்ச்சிக்கூடத்து மாணவி ஒருத்தி போனில் சொன்னபோது, பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை. வாடிக்கையாளர் ஒருவர்தான் எழுந்து வந்து அணைத்தார்.

கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருப்பவன் நான். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். டீச்சரைப் பற்றி நானும் எழுத வேண்டும் என்று மாணவிகள் கேட்டார்கள். தப்பு இருந்தால் டீச்சர் திருத்தட்டும்.

டீச்சர் கரமனைக்காரர். ஆராய்ச்சிக்காக வித்துரா மலைப்பக்கம் போய்ச் சாக்கு நிறைய இலை பறித்து வருவார்கள். வெட்டுக்காயத்தில் இங்கே எல்லோரும் கசக்கி வைக்கும் 'கம்யூனிஸ்ட் பச்சை'தான் அது. அதைக் கொதிக்கவைத்து வடிகட்டி, வெள்ளி உப்பு கரைத்த தண்ணீரில் ஊற்றுவார்கள். வெளிறிய மஞ்சள் மெல்லக் கறுக்கும். தலைமுடியை நெடுக்காக ஆயிரம் கீறு கீறினால் எவ்வளவு மெல்லிசோ, அவ்வளவு சின்ன வெள்ளித் துகள்கள் அதில் உண்டாகிவிட்டன என்று அர்த்தமாம். விஷ மருந்து சேர்க்காமல் செடியை வைத்தே செய்வதால் பச்சை முறை என்று பெயர்.

"பச்சைன்னு பேரு, பார்த்தா பால் விடாத கட்டன் சாயா. கம்யூனிஸ்டோட வெள்ளியச் சேர்த்தா முதலாளி ஆயிருமா டீச்சர்?" என்றேன் கதவருகில் நின்று.

"உள்ள வராதே முருகேசா. உன் டீயும் இதுவும் மாறிடுத்துன்னா, எதக் குடிச்சோம்னு ஒருத்தருக்கும் தெரியாது!"

ஒருநாள் கண்ணாடித் தட்டு ஒன்றைக் காட்டினார்கள். தட்டு முழுக்கக் கிருமி. அந்தத் திரவம் சொட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். அங்கே கிருமி செத்துப்போயிருந்தது.

அந்தச் சமயம் என் வலது கால் விரலில் புண். சர்க்கரை உடம்பு, ஆறவே இல்லை. "ஒரு சொட்டு இதுல விடுங்க டீச்சர்" என்று கேட்டேன். மாட்டேன் என்றார்கள்.

"தட்டுல கிருமி மட்டுந்தான் இருக்கு. கால்ல நீயும் இருக்கியே. அளவு கூடினா நல்ல செல்லும் சாகறது. உன்னை என்ன பண்ணும்னு நேக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போ."

கோபித்துக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு டீ அனுப்புவதை நிறுத்தினேன். டீச்சரே கடைக்கு வந்தார்கள்.

"கோபத்த அப்பறம் காட்டு. மொதல்ல காலைக் காட்டு."

பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஆட்டோவை நிறுத்தி என்னை ஏற்றி, மருத்துவமனையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர்கள் ஒரு விரலை எடுத்தார்கள். இலை, களிம்பு என்று இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் மருத்துவர்.

கால் ஆறிய பிறகு பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். இலை வெள்ளி மருந்தால் பிழைத்த கால் என்று போட வேண்டுமாம். நான் புது வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். டீச்சர் குறுக்கே வந்தார்கள்.

"இவன் காலை ஆத்தினது ஆஸ்பத்திரி. என்னோடது ஒரு சொட்டுகூட இவன்மேல படலை. அதுக்கு இன்னும் எத்தனையோ சோதனை பாக்கி."

"போட்டோ போச்சே டீச்சர்!"

"உன் மூஞ்சியா வரப்போறது? கால்தானே!"

அந்தச் சோதனைகள் முடியுமுன் டீச்சர் போய்விட்டார்கள். மாணவிகள் தொடர்கிறார்கள்.

கரமனை வீட்டில் டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள். சாலைக் கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒருவர் என் தோளைத் தொட்டார்.

"டீச்சரோட இலை மருந்துல கால் சரியானது நீங்கதானே? என்னைப் பெத்த அம்மைக்கும் கால்ல புண்ணு. அது கொறச்சு கிட்டுமா? ஒரு சொட்டு போதும்."

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் வாய் எனக்கு. அன்று வரவில்லை.

"டீச்சர் எனக்குக் குடுக்கல அண்ணாச்சி. அதனாலதான் கால் இருக்கு. அம்மையக் காலைல கூட்டிட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்."

அவர் என் காலையும் டீச்சர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையசைத்தார்.

டீச்சரை ஏற்றிய வண்டி புறப்பட்டபோது கைகூப்பி நின்றேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் டீச்சர். நாளைக்குக் கடை திறக்கக் கொஞ்சம் தாமதமாகும்.